மலைச்சரிவில் காட்டுக் காந்தள்: தேடிக் காண்பதற்கும் விதையிலிருந்து வளர்ப்பதற்கும் ஒரு வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் காந்தளைத் தேடிப் புறப்படுகிறவர் மண்வெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். இக்கொடியின் உயிர் முழுவதும் நிலத்துக்குள் கிடக்கும் கிழங்கில் இருக்கிறது. தண்டும் இலையும் பூவும் ஒவ்வோர் ஆண்டும் தோன்றி மடிந்துபோகக் கிழங்கு மட்டுமே மண்ணில் எஞ்சி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். ஆகவே கிழங்கைத் தோண்டி எடுப்பவர் ஒரு பருவத்துப் பூவை மட்டும் எடுக்கவில்லை. அந்தச் சரிவில் இனி வரவிருந்த பூக்கள் அனைத்தையும் எடுத்துவிடுகிறார். எடுத்ததும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. எளிதில் முறியும் அக்கிழங்கு தோண்டும்போதே உடைந்து, வீட்டுத் தொட்டியில் அழுகிப்போகும். அதே கொடி காய்த்து வெடிக்கும்போது ஒரு காயில் பல விதைகள் இருக்கும். அவற்றில் சிலவற்றை எடுத்து வளர்ப்பதால் காட்டுக்கு இழப்பு ஏதும் இல்லை. கிழங்கைத் தொடாமல் காந்தளைக் காண்பது, பதிவது, காப்பது, வளர்ப்பது ஆகியவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. காந்தள், செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு என்று நம்மவர் அழைப்பதும், சிங்களத்தில் நியங்கலா எனப்படுவதும் ஒன்றே. குளோரியோசா சுபேர்பா என்னும் தாவரவியற் பெயரை 1753இல் லின்னேயஸ் இதற்கு இட்டார். நீண்ட காலம் லில்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இச்செடி இன்று கொல்ச்சிக்கேசியே என்ற தனிக் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் அக்குடும்பமும் லிலியேல்ஸ் என்ற லில்லி வரிசைக்குள்ளேயே அடங்குகிறது. லிலியம் என்ற அசல் லில்லிப் பேரினத்தில் இலங்கைக்கு இயற்கையாக உரிய இனம் எதுவும் இல்லை. நமக்கு மிக அண்மையிலுள்ளது நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த புல்வெளிகளில் பூக்கும் வெள்ளை நிற நீலகிரி லில்லியாகும். எனவே நம் மலைகளில் காட்டு லில்லி ஒன்றைக் காண விரும்புகிறவருக்குக் காந்தளே முதற்செடி.

ஆனால் மலையில் பூக்கும் லில்லிகள் எல்லாம் காட்டுச் செடிகள் ஆகிவிடமாட்டா. நுவரெலியாப் பக்கத்து வடிகான்களிலும் ஓடையோரங்களிலும் வெள்ளைப் புனலைப் போல் நிற்கும் கல்லா லில்லி தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. ஈரமான பள்ளங்களில் மணத்துடன் பூக்கும் வெள்ளை இஞ்சி லில்லியின் தாயகம் இமயமலைச் சாரலை அண்டிய பகுதி. இரண்டும் தோட்டங்களிலிருந்து தப்பிப் பரவியவை. அவற்றைக் கண்டு மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் அவை பெருகிய ஓடைக்கரையில் நம் நாட்டுச் செடிகளுக்கு இடம் குறைந்துபோயிருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

எந்தச் சரிவில் தேடுவது

தாழ்நிலத்து வேலிகளிலும் பற்றைகளிலும் காந்தள் சாதாரணமாகக் கிடைக்கும். மலை ஏற ஏற அது அரிதாகிறது. வெப்ப நாடுகளில் 2,000 மீட்டருக்கு மேலும் இச்செடி பதிவாகியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தை, மாசி மாதங்களில் உறைபனி விழும் நுவரெலியாவிலோ, 2,100 மீட்டருக்கு மேற்பட்ட ஹோர்ட்டன் சமவெளியிலோ இதைத் தேடி அலைவதில் பயன் குறைவு. ஹோர்ட்டன் சமவெளிப் புல்வெளி ஈரப் பத்தனை வகையைச் சேர்ந்தது (பத்தனை என்பது மலைப் புல்வெளி). அதன் மண்ணில் எப்போதும் குளிரும் நீரும் தங்கியிருக்கும். காந்தளின் கிழங்கோ ஆண்டில் சில மாதங்களாவது உலர்ந்து ஓய்வெடுக்க விரும்புவது.

அதனால் தேடலை ஊவாப் பக்கத்தில் தொடங்குவதே அறிவுடைமை. தென்மேற்குப் பருவமழையை நடுமலைத் தொடர் தடுத்துவிடுவதால் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, எல்ல ஆகிய ஊர்களைச் சூழ்ந்த ஊவாச் சரிவுகளில் ஆனி முதல் ஆவணி வரை வறண்ட காற்று வீசும். பின்னர் ஐப்பசியில் மழை இறங்கும். இந்த வறட்சியும் மழையும் மாறி வரும் ஒழுங்கு காந்தளின் வாழ்க்கைக்கு மிகப் பொருத்தமானது. மானாப்புல் வளர்ந்த உலர் பத்தனைகளில் நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை முதலிய மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவும், மாத்தளைப் பக்கத்துத் தாழ்ந்த குன்றுகளும் இதே முறையில் தேடத் தகுந்தவை.

சரிவைத் தெரிந்தெடுத்த பின்பு அதற்குள் ஓரங்களைத் தேட வேண்டும். காந்தள் அடர்ந்த காட்டின் இருளிலும் தழைக்காது, வெட்டவெளியிலும் நெடுநாள் நிற்காது. அடி நிழலிலும் நுனி வெயிலிலும் இருக்க வேண்டும். பற்றிக்கொள்ள மெல்லிய சுள்ளிகள் வேண்டும். மழைநீர் தேங்காமல் வடிந்தோட வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமையும் இடங்கள் காட்டின் விளிம்பு, பாறைகளின் இடுக்கு, ஓடைக்கரையின் மேட்டுப் பக்கம், தேயிலை மலையின் எல்லைப் பற்றை, பழைய ரோட்டோரத்து மண்சுவர் ஆகியனவே. கவ்வாத்து வெட்டிய தேயிலைக்கு நடுவில் தேடுவதைவிட, அந்த மலை முடிந்து பற்றை தொடங்கும் வரியில் மெதுவாக நடந்தால் காணும் வாய்ப்பு அதிகம். தனித்து நிற்கும் நெல்லி மரத்தின் அடியில் நாயுண்ணி படர்ந்திருந்தால் அதற்குள்ளும் பாருங்கள். மாடும் ஆடும் நுழையாத முட்புதர் காந்தளுக்கு நல்ல காவல்.

பைனஸ் நடப்பட்ட சரிவுகளை விட்டுவிடலாம். உதிர்ந்த ஊசியிலைகள் தடித்த விரிப்பாகக் கிடக்கும் அந்நிலத்தில் அடிச்செடிகள் மிகக் குறைவு. ஒருகாலத்தில் பத்தனையாக இருந்த பல சரிவுகள் இப்படி மாறியிருப்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. வெறும் புல் என்று எண்ணி நட்டார்கள். அந்தப் புல்லுக்குள் என்னென்ன கிழங்குகள் உறங்கிக்கொண்டிருந்தன என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஊவாவில் ஐப்பசி மழை பிடித்ததும் முளை வெளிவரத் தொடங்கும். கார்த்திகையிலும் மார்கழியிலும் பூவை எதிர்பார்க்கலாம். மழை பிந்தினால் பூவும் பிந்தும் என்பதால் நாட்காட்டியைவிட அந்தப் பக்கத்து மழையை நம்புவதே மேல். காலைப் பொழுது தேடுவதற்கு உகந்தது. மலை மூட்டம் இறங்கிய பின்பு சிவப்பு நிறமே கண்ணுக்குப் படாமற்போகும்.

தேயிலைத் தோட்டத்து எல்லைக்குள் போவதானால் துரைமாரிடமோ காரியாலயத்திலோ முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுங்கள். அதைவிட முக்கியமாக, அந்த மலையில் வேலை செய்யும் அக்காமாரிடமும் அண்ணன்மாரிடமும் குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டே பற்றைக்குள் கால் வையுங்கள். கொழுந்து பறிப்போர் குளவி கொட்டி உயிரிழந்த செய்திகளை நாம் அடிக்கடி கேட்கிறோம். பூவைத் தேடுகிறவர் மேலே பார்த்து நடப்பதில்லை என்பதால் அவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். நியங்கலாப் பூ எங்கே பூக்கும் என்று அயற்கிராமத்துச் சிங்களப் பெரியவர்களிடம் விசாரித்தாலும் நல்ல வழி கிடைக்கும்.

பூக்காதபோதும் அடையாளம் காண்பது

பூத்த காந்தளை எவரும் தவறவிடமாட்டார்கள். பூக்காத கொடியை அறிவதுதான் பயிற்சி வேண்டுவது. இலையின் நுனியைப் பாருங்கள். காம்பில்லாமல் தண்டோடு ஒட்டிய நீண்ட இலை, நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு மெல்லிய பற்றுக்கம்பியாக மாறிச் சுருண்டிருக்கும். கொடிக்குப் பற்றுக்கம்பி வேறு எங்கும் இல்லை. தண்டும் எதையும் சுற்றிப் பின்னாது. இலைநுனிகளே அண்டையிலுள்ள புல்லையும் சுள்ளியையும் பிடித்துக்கொண்டு கொடியை மேலேற்றுகின்றன. அடியிலுள்ள இலைகளில் இந்தச் சுருள் இல்லாமலும் இருக்கலாம். ஆதலால் கொடியின் மேற்பாதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

காட்டு வள்ளிக்கிழங்கு வகைகளின் தண்டு மரத்தைச் சுற்றிப் பின்னும். இலையும் பெரும்பாலும் இதய வடிவில் இருக்கும். முட்களுடைய சிமைலக்ஸ் கொடிக்குப் பற்றுக்கம்பி இலைக்காம்பின் அடியிலிருந்து இரண்டாகப் புறப்படும். இலைநுனியே கம்பியாகிச் சுருள்வதைக் கண்டால் அது காந்தள் என்று கொள்ளலாம். ஆனால் நிலத்துக்கு மேலே இவ்வளவு தெளிவாகத் தெரியும் வேறுபாடு கொடி காய்ந்து மறைந்த பின்பு தெரியாது. அப்போது மண்ணில் கிடைக்கும் கிழங்கைப் பார்த்து முடிவு செய்வது உயிராபத்தானது. அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

பூத்த கொடி கிடைத்துவிட்டால் அவசரப்படாமல் ஒரே கொடியின் பல பூக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். நுனிக்கருகில் உள்ள மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். அதற்குக் கீழுள்ள புதிய பூவில் ஆறு இதழ்களும் அப்போதுதான் விரிந்து பின்புறமாக மடங்கத் தொடங்கியிருக்கும். அவற்றின் நிறம் இன்னும் பச்சை கலந்த மஞ்சள். அடுத்த பூவில் இதழ்கள் முழுவதும் மேல்நோக்கி வளைந்து, அடிப்பகுதி மஞ்சளாகவும் மேற்பகுதி செந்நிறமாகவும், ஓரங்கள் அலையலையாக நெளிந்தும் நிற்கும். இன்னும் கீழேயுள்ள முதிர்ந்த பூவில் மஞ்சள் மறைந்து முழுவதும் சிவந்திருக்கும். குறிஞ்சி நிலத்தைப் பாடிய பழம்புலவர்கள் இதை மகளிரின் விரல்களுக்கு ஒப்பிட்டார்கள். ஒன்றோடொன்று நெருங்கி மேலே வளைந்த அந்த இதழ்களைப் பார்க்கும்போது ஒப்புமையின் பொருத்தம் உடனே விளங்கும்.

பூவின் அடியைச் சற்றுக் குனிந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல் வெளியே நீண்டிருக்கும். சூல்தண்டு சூலகத்திலிருந்து நேராக இறங்காமல், தொடங்கும் இடத்திலேயே ஏறத்தாழச் செங்கோணமாகத் திரும்பிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் விழும் வாய்ப்பை இந்த வளைவு குறைக்கிறது. தேனுக்காக வரும் பெரிய வண்ணத்துப்பூச்சியின் சிறகிலோ தேன்சிட்டின் உடலிலோ மகரந்தம் ஒட்டிக்கொண்டு, அடுத்த பூவின் சூல்முடியில் படுகிறது. ஒரு பூவின் முன்னால் அரைமணி நேரமாவது அமைதியாக இருந்து, யார் வருகிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நம் மலைகளில் இத்தகைய குறிப்புகளை எழுதி வைப்போர் மிகச் சிலரே. உங்கள் கொப்பியிலுள்ள நான்கு வரிகள் ஒருநாள் ஓர் ஆய்வாளருக்கு உதவக்கூடும்.

பதிவு செய்யும் முறை

பூவை மட்டும் படம் பிடித்தால் போதாது. கொடி முழுவதும், இலைநுனிச் சுருள், வெவ்வேறு நிறத்திலுள்ள இரண்டு பூக்கள், பூவின் பக்கத்தோற்றம், காய் இருந்தால் காய், அது படர்ந்திருக்கும் செடி, சூழ்ந்துள்ள நிலம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுங்கள். திகதி, அண்ணளவான உயரம், சரிவு எத்திசையை நோக்கியது, மண் ஈரமா உலர்ந்ததா, எத்தனை கொடிகள், அவற்றில் எத்தனை பூத்தவை என்பவற்றை அவ்விடத்திலேயே எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் எண்ணிக்கை மறந்துபோகும்.

சரியான இடத்தைப் பொதுவெளியில் வெளியிடாதீர்கள். இக்கிழங்குக்கும் விதைக்கும் மருந்துச் சந்தையில் விலை உண்டு. தமிழ்நாட்டின் கரூர், திண்டுக்கல் முதலிய மாவட்டங்களில் விதைக்காகவே இதை வயல்களில் பயிரிடுகிறார்கள் என்றால் அதன் மதிப்பு புரியும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் பதிவிடும்போது இருப்பிடத்தை மறைக்கும் வசதியைத் தெரிவுசெய்யுங்கள். முகநூலில் போடுவதானால் மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். படத்தின் பின்னணியில் ஊரை அடையாளம் காட்டும் கோவிலோ பாலமோ தெரிந்தால் அந்தப் படத்தைத் தவிர்ப்பது நல்லது. அடையாளத்தில் ஐயம் இருந்தால் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்தைப் படங்களுடன் அணுகலாம்.

தேசியப் பூங்காக்களுக்குள்ளும் ஒதுக்கப்பட்ட காடுகளுக்குள்ளும் எந்தச் செடியின் எந்தப் பகுதியையும் எடுப்பது சட்டப்படி குற்றம். விதையும் அதில் அடங்கும். அங்கே பார்ப்பதோடும் படம் எடுப்பதோடும் நின்றுவிட வேண்டும்.

நஞ்சைப் பற்றி அறியாமல் தொடக் கூடாது

காந்தளின் எல்லாப் பகுதிகளிலும் கொல்ச்சிசின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. கிழங்கிலும் விதையிலும் அது மிகுதி. வேகவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. வற்றாளைக் கிழங்கு அல்லது காட்டு வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணி அவித்து உண்டவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். தெரிந்தே உண்டு உயிரை விட்டவர்களும் உண்டு. ஆகவே காட்டில் கொடியில்லாமல் கிடைத்த எந்தக் கிழங்கையும் அடுப்பில் ஏற்றாதீர்கள் என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

உண்ட சில மணி நேரத்தில் வாயும் தொண்டையும் எரிந்து, வாந்தியும் கடுமையான வயிற்றோட்டமும் தொடங்கும். அது சற்றுத் தணிந்ததுபோல் தோன்றினாலும் ஆபத்து நீங்கிவிட்டதாகக் கொள்ளக் கூடாது. அடுத்த நாட்களில் இதயம், சிறுநீரகம், எலும்பு மச்சை ஆகியன பழுதடையலாம். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரங்களில் தலைமுடி கொட்டும். இந்த நஞ்சுக்கு எளிதில் கிடைக்கக்கூடிய முறிமருந்து இல்லை. நாட்டு மருந்து கொடுத்தும், உப்புக்கரைசல் குடிக்க வைத்தும் நேரத்தைக் கழிக்காமல் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்சை அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். உண்ட கிழங்கில் எஞ்சியதை ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் வைத்தியர்களுக்கு வழிகாட்டும்.

வீட்டில் வளர்ப்பதற்கும் இதுவே விதி. கையுறை அணியாமல் விதையையோ கிழங்கையோ கையாளாதீர்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். தவழும் பிள்ளையோ கட்டாமல் திரியும் ஆடு மாடோ இருக்கும் வீட்டில் இதை வளர்க்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சில ஆண்டுகள் பொறுத்து, பிள்ளை வளர்ந்த பின்பு வளர்க்கலாம்.

விதையிலிருந்து வளர்த்தல்

பூ வாடிய பின்பு சூலகம் நீண்டு பச்சைக் காயாகும். அது மஞ்சளித்து, உலர்ந்து, மூன்று பிளவாக வெடிக்கும்போது உள்ளே செம்மஞ்சள் நிற உருண்டை விதைகள் வரிசையாகத் தெரியும். வெடிக்காத காயைப் பறிக்காதீர்கள்; முற்றாத விதை முளைக்காது. தனியார் நிலத்தில், உரியவரின் சம்மதத்துடன், ஒரு கொடியில் ஒரு காயிலிருந்து சில விதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அங்கேயே விட்டுவிடுங்கள். ஒரேயொரு கொடி நிற்கும் இடமானால் அதிலிருந்து எதையும் எடுக்க வேண்டாம். ஏற்கனவே வேலியில் காந்தள் வளர்க்கும் அயலவர் இருந்தால் அவரிடம் கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் சிறந்தது.

விதையைச் சுற்றியுள்ள சதைப்பற்றான மேலுறையை நீரில் ஊறவைத்துத் தேய்த்து நீக்கி, நிழலில் உலர்த்திக் காகித உறையில் இடுங்கள். பொலித்தீன் பையில் அடைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். உறையின்மேல் இடம், திகதி, நஞ்சு என்ற சொல் மூன்றையும் பெரிதாக எழுதுங்கள். புதிய விதைக்கு உறக்கக் காலம் உண்டு. மாசியில் எடுத்த விதையை உடனே விதைத்தால் மண்ணில் கிடந்து அழுகவே வாய்ப்பு அதிகம். ஐப்பசி மழை வரை வைத்திருந்து விதைப்பது ஊவாவின் பருவத்துக்கும் ஒத்துவரும்.

விதைப்பதற்கு முன் ஓரிரவு நீரில் ஊறவையுங்கள். ஆற்றுமணல், நன்கு மக்கிய இலைமண், மேல்மண் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள ஆழமான பையில் நிரப்பி, ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையுங்கள். தேயிலைத் தவறணையில் (நாற்றுமேடையில்) பயன்படும் நீண்ட பை இதற்கு நன்கு பொருந்தும், ஏனெனில் கிழங்கு கீழ்நோக்கி இறங்குவது. பைக்கு ஒரு விதை போதும். பண்டாரவளையைவிட உயர்ந்த, குளிர்ந்த ஊர்களில் பைகளைச் சுவரோரத்திலோ கண்ணாடிக் கூரையின் கீழோ வைத்தால் மண்ணின் சூடு காக்கப்படும். மண் ஈரமாக இருக்க வேண்டும். சொதசொதப்பாக இருக்கக் கூடாது.

முளைப்பு ஒரே சீராக நடப்பதில்லை. சில விதைகள் ஒரு மாதத்தில் முளைக்கும். சில பல மாதங்கள் கழித்து, எதிர்பாராத நேரத்தில் முளைக்கும். ஆகவே முளைக்காத பையை ஓராண்டுக்கு முன் கொட்டிவிடாதீர்கள். முதலாண்டில் புல்லைப் போன்ற சில இலைகளே வரும். அவற்றைக் களையென்று பிடுங்கிவிடாதபடி வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைப்பது அவசியம். அந்தச் சிறு இலைகள் செய்யும் வேலை நிலத்துக்குள் ஒரு சிறு கிழங்கை உருவாக்குவது. சில மாதங்களில் இலை மஞ்சளித்துக் காய்ந்ததும் பலர் செடி செத்துவிட்டது என்று நினைத்து நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். கிழங்கு அழுகுவது அப்போதுதான். இலை காயத் தொடங்கியவுடன் நீரை நிறுத்தி, பையை மழை படாத இடத்தில் சரித்து வைத்துவிடுங்கள். அடுத்த முளை தெரியும் வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

விதையிலிருந்து முதற்பூவைக் காண மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். காத்திருக்க முடியாதவர்கள்தான் காட்டுக்குள் மண்வெட்டியுடன் போகிறார்கள். முதலாண்டில் சில பைகளும் அடுத்த ஆண்டில் சில பைகளுமாக விதைத்துவந்தால், தொடக்கத்துப் பொறுமைக்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் பூவிருக்கும்.

இரண்டாம் ஆண்டின் ஓய்வுக் காலத்தில் கிழங்கை நிலத்துக்கு மாற்றலாம். வெட்டவெளியாகவும் இல்லாமல் முழு நிழலாகவும் இல்லாமல், நீர் வடியும் சரிவான இடத்தைத் தெரிந்து, கிழங்கைப் படுக்கைவாட்டில் ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கள். முதிர்ந்த கிழங்கு கலப்பையைப் போல் இரு கைகளாகக் கவைத்திருக்கும். முளைக்கும் கண் கையின் நுனியிலேயே உண்டு. அந்த நுனி முறிந்தால் மீதிக் கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் அந்தக் கை முளைப்பது அரிது. அதனால் நுனியை விரலால் அழுத்தாமல், இரு கைகளாலும் ஏந்தி இறக்க வேண்டும். மேலே ஒரு கைப்பிடி கூட்டெரு இட்டால் போதும். இரசாயனப் பசளை அதிகமானால் இலை செழிக்கும், பூக் குறையும்.

பற்றுக்கொம்பு நடும்போது பலர் தடித்த மரக்கம்பை நடுகிறார்கள். இலைநுனிச் சுருளால் விரலளவு பருமனுள்ள கம்பைக்கூடப் பிடிக்க இயலாது. ஈர்க்கு அளவிலுள்ள சுள்ளிகளையே அது பற்றும். கவ்வாத்தில் கழிக்கப்பட்ட தேயிலை மிலாறுகளைக் கிளைகளோடு ஊன்றிவிட்டால் கொடி தானாக ஏறிவிடும். கயிறு கட்ட வேண்டியதில்லை. இளந்தண்டு எளிதில் ஒடிவது. ஒடிந்தால் அந்த ஆண்டு பூ இல்லை என்று கொள்ள வேண்டியதுதான், ஏனெனில் அதே கண்ணிலிருந்து இன்னொரு தண்டு எழுவது அரிது. காற்று மிகுந்த ஊவாச் சரிவில் வேலியின் உட்பக்கத்தில் நடுவதற்கு இதுவே காரணம்.

உயரமான ஊர்களில் பூத்தும் காய்க்கவில்லை என்றால் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகள் வரவில்லை என்று பொருள் கொள்ளலாம். காலையில் ஒரு கொடியின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையில் எடுத்து, வேறொரு கொடியின் பக்கவாட்டில் நீண்ட சூல்முடியில் தடவுங்கள். தமிழ்நாட்டுக் காந்தள் விவசாயிகளும் விதைக்காகக் காலைநேரத்தில் இவ்வாறே கையால் செய்கிறார்கள். இதற்காகவே குறைந்தது இரண்டு, மூன்று கொடிகளை அருகருகே வளர்க்க வேண்டும்.

இருக்கும் கொடியைக் காப்பது

வளர்ப்பதைவிட, இருப்பதை இருக்குமிடத்தில் விடுவது எளிது. ஆனால் அதற்குப் பேச்சு வேண்டும். தேயிலை மலையின் எல்லைப் பற்றையைத் துப்புரவு செய்யும்போதும், ரோட்டோரத்துப் புல்லை வெட்டும்போதும் பூத்த கொடிகள் அறுபடுகின்றன. அறுபட்ட கொடியின் கிழங்கு அந்த ஆண்டுக்குரிய உணவைச் சேமிக்க முடியாமல் சுருங்கும். ஆண்டுதோறும் இப்படி நடந்தால் ஒருநாள் முளைக்காமலே போகும். வெட்டுவதைக் காய் வெடித்துக் கொடி காயும் வரை, அதாவது மாசி, பங்குனி வரை, தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் கொடி நிற்கும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பொன்றை ஊன்ற அனுமதி கேளுங்கள். களை வெட்டுகிறவர்களிடம் நேரில் போய் மரியாதையாகச் சொன்னால் அவர்கள் தாமே பார்த்துக்கொள்வார்கள். அந்த மண்ணை நாள்தோறும் மிதிப்பவர்கள் அவர்களே. புல்லுக்கு அடிக்கும் மருந்துதான் வெட்டுவதைவிடக் கெடுதி. அது இலை வழியே கிழங்கு வரை இறங்கும் வகையானால் கொடி மீள்வதில்லை.

பத்தனைத் தீயைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடி, ஆவணியில் ஊவாப் பத்தனைகள் எரிவது வழமையாகிவிட்டது. அப்போது காந்தளின் கிழங்கு மண்ணுக்குள் உறங்குவதால் தீ அதை நேராகத் தொடாது. ஆனால் தீ தொடர்ந்து எரிக்கும் சரிவில் புதர்களும் சிறு மரங்களும் அழிந்து, மானாப்புல் மட்டும் எஞ்சி, மழையில் மேல்மண் கழுவப்பட்டுப் போகும். பற்றிக்கொள்ளச் சுள்ளியும் அடிக்கு நிழலும் இல்லாத இடத்தில் முளைத்த கொடி நிலத்தில் தவழ்ந்து சிறுத்துப்போகும். எனவே பற்றையை எரியவிடாமல் காப்பதே காந்தளைக் காப்பது.

வீட்டில் வளர்த்த கன்றுகள் மிகுந்துவிட்டால் அவற்றை ஒதுக்கப்பட்ட காட்டிலோ பூங்காவிலோ கொண்டுபோய் நடாதீர்கள். அது சட்டத்துக்கும் புறம்பானது, வேறிடத்து நோயையும் விதையையும் அங்கே கொண்டுசேர்க்கும். விதை எடுத்த அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த வீட்டு வேலிகளிலும், நிருவாகத்தின் சம்மதம் கிடைத்தால் தோட்டத்து ஓடைக்கரைகளிலும் நடலாம். கன்று கொடுக்கும்போது எந்தச் சரிவின் விதை, எந்த ஆண்டில் விதைத்தது, கிழங்கு நஞ்சுடையது என்ற மூன்று விபரங்களையும் எழுதிப் பையோடு கட்டிக் கொடுங்கள். பெறுகிறவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.